மூன்றாம் நாள் ரகசியம் - பச்சிளங்குழந்தையின் மூளை ரசாயனத்தைப் படித்த கதை

1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் தேதி. அமெரிக்க ஜனாதிபதி ஜான் எஃப். கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பேட்ரிக் என்று பெயர் வைத்தார்கள். பிறக்க வேண்டிய நாளுக்கு ஐந்தரை வாரம் முன்பே பிறந்துவிட்ட குறைமாதக் குழந்தை. எடை இரண்டு கிலோவுக்குச் சற்றே அதிகம். நுரையீரல் முழுதாக முதிரவில்லை, மூச்சு விடத் திணறியது. அவசர அவசரமாகப் பாஸ்டன் நகருக்குக் கொண்டு போனார்கள். உலகிலேயே மிகுந்த செல்வாக்குள்ள மனிதரின் பிள்ளை! கேட்டால் எதுவும் கிடைக்கும். ஆனாலும் 39 மணி நேரம்தான் அந்தக் குழந்தை உயிரோடு இருந்தது.

இன்று அதே எடையில், அதே மாதத்தில் பிறக்கும் குழந்தை நல்ல மருத்துவமனையில் இருந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். செயற்கை சுவாசக் கருவிகள் (வென்டிலேட்டர்) மேம்பட்டன. நுரையீரலை விரிய வைக்கும் மருந்துகள் வந்தன. எல்லோருக்கும் தெரிந்த வெற்றிக் கதை இது. இதற்குப் பின்னால், அதிகம் பேசப்படாத இன்னொரு கதை இருக்கிறது. நுரையீரல் பிழைத்த பிறகு, மூளை என்ன ஆனது என்ற கேள்வியில் தொடங்கும் கதை.

உயிர் பிழைத்தது... மூளை?

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் ஆஸ்மண்ட் ரேனால்ட்ஸ் (1933-2017) என்றொரு குழந்தை மருத்துவர் இருந்தார். குறைமாதக் குழந்தைகளுக்குச் செயற்கை சுவாசம் கொடுப்பதை நுரையீரலுக்குக் காயம் வராமல் செய்வது எப்படி என்று ஆராய்ந்து பெயர் பெற்றவர். அவரைப் போன்றவர்களின் உழைப்பால் 1970களில் நிறையக் குறைமாதக் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கின.

மகிழ்ச்சிதான். ஆனால் பிழைத்தவர்களில் சிலருக்குப் பின்னாளில் பெருமூளை வாதம் வந்தது. சிலருக்கு நடப்பது, பேசுவது, படிப்பது எல்லாம் சிரமமாக இருந்தது. மூளையில் சேதம் எப்போது நடந்தது? பிறக்கும் முன்பா, பிறக்கும்போதா, பிறந்த பிறகா? யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அப்போது இருந்த வழிகள் இரண்டே இரண்டு. ஒன்று, குழந்தை வளர்ந்து நடக்கும், பேசும் வயது வரும்வரை காத்திருப்பது. இன்னொன்று, குழந்தை இறந்த பிறகு பிரேதப் பரிசோதனை செய்வது. இரண்டுமே காலம் கடந்த பதில்கள்!

பச்சிளங்குழந்தையின் தலையில் உச்சிக்குழி இருக்கும் அல்லவா? எலும்பு மூடாத மெத்தென்ற இடம். அதன் வழியாக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்தால் உள்ளே தெரியும். 1979இல் ரேனால்ட்ஸ் குழுவினர் உயிரோடு இருக்கும் குறைமாதக் குழந்தைகளின் மூளைக்குள் ரத்தம் கசிந்திருப்பதை இப்படிக் கண்டு வெளியிட்டார்கள். பெரிய முன்னேற்றம் அது.

ஆனால் அல்ட்ராசவுண்ட் காட்டுவது வீட்டின் சுவரையும் கூரையையும்தான். உள்ளே அடுப்பு எரிகிறதா, அணைந்துவிட்டதா என்று அது சொல்லாது. மூளைச் செல்கள் சக்தியோடு இருக்கின்றனவா, பட்டினி கிடக்கின்றனவா? அதை அறிய வேறு கருவி வேண்டும்.

தவளைத் தசையில் இருந்து...

அந்தக் கருவியின் கதை குழந்தைகளிடம் தொடங்கவில்லை. இயற்பியல் கூடத்தில் தொடங்கியது. 1946இல் ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் தனித்தனியே ஒரு விஷயத்தை நிரூபித்தார்கள். சில அணுக்களின் கருக்கள் குட்டிக் காந்தங்கள் போல நடந்துகொள்ளும். அவற்றைப் பலமான காந்தப் புலத்தில் வைத்து, சரியான அலைவரிசையில் ரேடியோ அலையைக் கொடுத்தால் அதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஓர் அலையைத் திருப்பி அனுப்பும். இதுதான் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு. இருவருக்கும் 1952இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே பாஸ்பரஸ் அணுதான். ஆனால் அது எந்த மூலக்கூறுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் அலைவரிசை மிக மிகச் சிறிதளவு மாறும். பழைய ரேடியோப் பெட்டியில் முள்ளைத் திருப்பினால் ஒரு இடத்தில் சென்னை, கொஞ்சம் தள்ளி திருச்சி, இன்னும் தள்ளி இலங்கை என்று கேட்குமே, அது மாதிரி. எந்த இடத்தில் கேட்கிறது என்பதை வைத்து எந்தப் பொருள் என்று சொல்லலாம். எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை வைத்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்லலாம். ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம், எக்ஸ்ரே கதிர்வீச்சும் வேண்டாம். இந்த முறைக்கு ஸ்பெக்ட்ராஸ்கோப்பி என்று பெயர். நாம் இன்று அறிந்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இதே தத்துவம்தான். எம்.ஆர்.ஐ. உறுப்பின் படத்தைக் காட்டும், ஸ்பெக்ட்ராஸ்கோப்பி அதன் ரசாயனத்தைச் சொல்லும். இரண்டையும் ஒரே இயந்திரத்தில் செய்யலாம்.

1970களில் உயிரியல் ஆய்வாளர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். 1974இல் ஆக்ஸ்ஃபோர்டில் எலியின் கால் தசையில் இருந்து பாஸ்பரஸ் அலைகளைப் பதிவு செய்தார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் டக்ளஸ் வில்கி, ஜோன் டாசன் ஆகியோர் தவளையின் தசை ஏன் களைத்துப் போகிறது என்று இதே முறையில் ஆராய்ந்து, 1978இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

ஏன் எல்லோரும் பாஸ்பரஸைத் தேடினார்கள்? உடலின் சக்திக் கணக்கு முழுவதும் பாஸ்பரஸில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று பொருள்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஏ.டி.பி. என்பது செல்லின் கைக்காசு. எல்லாச் செலவும் இதில்தான் நடக்கும். பாஸ்போகிரியேட்டின் என்பது அம்மா அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைக்கும் சிறுவாட்டுப் பணம். கைக்காசு குறைந்தால் இதை எடுத்து உடனே நிரப்பலாம். மூன்றாவது வெறும் பாஸ்பேட். காசு செலவான பிறகு மிஞ்சும் ரசீது என்று வைத்துக்கொள்ளலாம். சிறுவாடு குறைந்து ரசீது குவிந்தால் குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். சிறுவாட்டுக்கும் ரசீதுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தாலே செல்லின் நிலைமை புரிந்துவிடும்.

தவளைத் தசையை ஆராய்ந்த வில்கியும் குறைமாதக் குழந்தைகளைக் கவனித்த ரேனால்ட்ஸும் ஒரே கல்லூரியைச் சேர்ந்தவர்கள். தசைக்குச் செய்ததைக் குழந்தையின் மூளைக்குச் செய்தால் என்ன?

1983: காந்தத்துக்குள் ஒரு குழந்தை

அன்றைய ஆய்வுக் காந்தங்களின் துவாரம் குறுகலானது. வளர்ந்த மனிதர் முழுதாக நுழைய முடியாது. ஆனால் ஒரு பச்சிளங்குழந்தை தாராளமாக நுழையும்! பெரியவர்களுக்குப் பயன்படாத அந்தக் குறையே குழந்தைகளுக்கு வசதியாகிப் போனது.

என்றாலும் வேலை சுலபமாக இல்லை. குழந்தைக்குச் சூடு குறையக் கூடாது. சுவாசம், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் விடாமல் கவனிக்க வேண்டும். ஆனால் காந்தத்தின் பக்கத்தில் சாதாரண இரும்புக் கருவி எதையும் கொண்டு போகவே முடியாது. இதற்கெல்லாம் வழி கண்டுபிடிக்க டேவிட் டெல்பி, எர்னஸ்ட் கேடி போன்ற இயற்பியல்காரர்கள் மருத்துவர்களோடு சேர்ந்தார்கள். 1983இல் 'லான்செட்' இதழில் அவர்களின் கட்டுரை வந்தது. ஏழு பச்சிளங்குழந்தைகள். தலைக்குப் பக்கத்தில் ஒரு கம்பிச் சுருள். மூளையின் ஏ.டி.பி., பாஸ்போகிரியேட்டின், பாஸ்பேட் எல்லாம் தாளில் கோடுகளாக வந்து விழுந்தன. தொட்டுப் பார்க்காமலே!

அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இருந்தும் இதே போன்ற ஆய்வு வெளியானது. அங்கே மரியா டெலிவோரியா-பாப்பாடோபுலோஸ் என்ற குழந்தை மருத்துவரும் பிரிட்டன் சான்ஸ் என்ற உயிர் இயற்பியல் மேதையும் சேர்ந்து வேலை செய்தார்கள். (இந்தச் சான்ஸ் 1952 ஒலிம்பிக்ஸில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர் என்பது ஒரு சுவையான செய்தி!)

மூன்றாம் நாள் நடந்தது

லண்டன் குழு அடுத்ததாகப் பிரசவத்தின்போது ஆக்சிஜன் கிடைக்காமல் மூச்சு முட்டிப் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தது. 1984இல் அந்த முடிவு வெளிவந்தது. இந்தக் கதையின் உயிர்நாடியே அதுதான்.

எல்லோரும் எதிர்பார்த்தது என்ன? பிறக்கும்போதுதானே அடி விழுந்தது? அதனால் முதல் நாளில் மூளையின் சக்தி படுமோசமாக இருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும் என்றுதான்.

நடந்தது தலைகீழ்! குழந்தைக்கு மூச்சு வந்து, ரத்த ஓட்டம் சீரான பிறகு முதல் நாளில் பார்த்தால் கணக்கு கிட்டத்தட்டச் சரியாகவே இருந்தது. சிறுவாடு இருந்த இடத்தில் இருந்தது. ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள்... பாஸ்போகிரியேட்டின் சரிந்தது, பாஸ்பேட் ஏறியது. அந்த நேரத்தில் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜனுக்குக் குறைவில்லை, சர்க்கரைக்கும் குறைவில்லை. வீட்டில் அரிசி இருக்கிறது, விறகு இருக்கிறது, ஆனால் அடுப்பு பற்றவில்லை. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் எந்திரமே பழுதாகிக்கொண்டிருந்தது. எந்த அளவுக்குச் சரிந்ததோ அந்த அளவுக்குக் குழந்தையின் எதிர்காலம் பாதிக்கப்பட்டது. கடைசிக் கைக்காசான ஏ.டி.பி.யும் சரிந்த குழந்தைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை.

இதற்கு 'இரண்டாம் கட்டச் சக்தி வீழ்ச்சி' என்று பெயர் வைத்தார்கள்.

இது சோகமான கண்டுபிடிப்பு மாதிரி தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். மூளை பிறக்கும்போதே முழுதாகச் செத்துவிடுகிறது என்றால் மருத்துவர் செய்ய ஒன்றுமே இல்லை. மூன்றாம் நாள்தான் சாகிறது என்றால்? நடுவில் சில மணி நேரம் கையில் இருக்கிறது! 'விதி' என்று பெற்றோரிடம் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது.

குளிர்ச்சி என்ற பழைய எதிரி

அந்த ஜன்னலுக்குள் என்ன செய்வது? 1994இல் லண்டன் குழு பன்றிக்குட்டிகளில் இதே இரண்டாம் வீழ்ச்சியை அப்படியே உண்டாக்கிக் காட்டியது. 1995இல் மரியான் தோரசென் என்ற நார்வே நாட்டு ஆய்வாளர் தலைமையில் ஒரு பரிசோதனை நடந்தது. ஆக்சிஜன் தடைபட்ட பிறகு குட்டிகளின் உடலை 35 டிகிரிக்குக் குளிர்வித்து 12 மணி நேரம் வைத்திருந்தார்கள். இரண்டாம் வீழ்ச்சி வெகுவாகக் குறைந்தது! நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆட்டுக் கருவை வைத்துச் செய்த ஆய்வுகளும் குளிர்ச்சி காக்கும் என்றே சொன்னன.

ஆனால் குழந்தை மருத்துவர்களுக்குக் குளிர் என்றாலே பயம். அதற்குக் காரணம் உண்டு. 1958இல் நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மேன் என்ற மருத்துவர், இன்குபேட்டரைச் சற்றுக் கூடுதல் கதகதப்பாக வைத்தாலே அதிகக் குறைமாதக் குழந்தைகள் பிழைக்கின்றன என்று நிரூபித்திருந்தார். அதிலிருந்து 'குழந்தையைச் சூடாக வை' என்பதுதான் வேதவாக்கு. இப்போது குழந்தையைக் குளிர வை என்றால்?

அதனால்தான் முறையான சோதனைகள் தேவைப்பட்டன. மாதம் நிறைந்து பிறந்து, மூச்சு முட்டிய குழந்தைகளை, பிறந்த 6 மணி நேரத்துக்குள் சேர்த்து, 72 மணி நேரம் உடலை 33.5 டிகிரி அளவில் வைத்திருந்தார்கள். 2005இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் சாவு, அல்லது மிதமான அல்லது கடும் ஊனம் என்ற முடிவு 62 சதவீதத்தில் இருந்து 44 சதவீதமாகக் குறைந்தது. 2009இல் வெளியான பிரிட்டன் சோதனையில் நரம்புக் குறை எதுவும் இல்லாமல் பிழைத்தவர்கள் 28 சதவீதத்தில் இருந்து 44 சதவீதமாகக் கூடினார்கள். தவளைத் தசையில் தொடங்கிய கோடு, பிள்ளைகளின் வாழ்க்கையில் வந்து முடிந்தது.

ஜன்னல் எல்லா ஊரிலும் ஒன்றா?

இங்கே கதையை முடித்தால் சினிமா மாதிரி சுபம் போட்டுவிடலாம். ஆனால் முடியவில்லை.

மூச்சு முட்டிப் பிறக்கும் குழந்தைகள் அதிகம் இருப்பது பணக்கார நாடுகளில் அல்ல, நம் பக்கத்தில்தான். எனவே இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் ஏழு பெரிய மருத்துவமனைகளில், சென்னையும் சேர்த்து, 2015 முதல் 2019 வரை ஒரு சோதனை நடந்தது. ஹீலிக்ஸ் என்று பெயர். 408 குழந்தைகள். 2021இல் முடிவு வந்தது. குளிர்வித்ததால் பலன் இல்லை. பலன் இல்லாதது மட்டுமல்ல, குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள்; குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம்!

ஏன் இப்படி? இங்கே பல குழந்தைகளுக்கு மூளைச் சேதம் பிரசவத்தின் கடைசி நிமிடங்களில் சட்டென்று நடக்காமல், முன்பிருந்தே மெல்ல மெல்ல நடந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் குழந்தை பிறக்கும்போதே அந்த ஜன்னல் மூடிப் போயிருக்கும். லண்டனில் அளந்த நேரத்தை அப்படியே சென்னைக்குக் கொண்டு வர முடியாது என்ற பாடம் பெரிய விலை கொடுத்துக் கற்றது.

குறைமாதக் குழந்தைகள் எங்கே?

இன்னொரு விஷயமும் கவனித்திருப்பீர்கள். ரேனால்ட்ஸை இந்தக் கேள்விக்குள் இழுத்து வந்தவர்கள் குறைமாதக் குழந்தைகள். ஆனால் பலன் கிடைத்ததோ மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு. பெரிய சோதனைகளில் குறைமாதக் குழந்தைகளைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. 33 முதல் 35 வாரத்தில் பிறந்தவர்களைக் குளிர்வித்துப் பார்த்த அமெரிக்கச் சோதனை ஒன்றின் முடிவு 2025இல் வந்தது. அவர்களுக்குப் பலன் தெரியவில்லை. சில்வர்மேனின் பழைய எச்சரிக்கை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

அவர்களுக்கான ஆராய்ச்சி வேறு திசையில் போனது. 1990களில் பாஸ்பரஸை விட்டு ஹைட்ரஜன் பக்கம் திரும்பினார்கள். உடலில் ஹைட்ரஜன் ஏராளம், அதனால் மூளையின் சிறு சிறு பகுதிகளைக்கூடத் தனியாக அளக்கலாம். ஒரே தொல்லை, தண்ணீர். தண்ணீரின் ஹைட்ரஜன் போடும் கூச்சலில் மற்றவற்றின் முணுமுணுப்பு காதில் விழாது. முதலில் தண்ணீரின் சத்தத்தை அடக்கிவிட்டுத்தான் மற்றதைக் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டபோது தெரிந்தவை பல. என்.ஏ.ஏ. என்ற பொருள் நரம்புச் செல்களின் அடையாளம். குறைமாதத்தில் இது குறைவாக இருந்து வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும்; மூளை முதிர்வதை அளக்கும் ஒரு அளவுகோல் அது. மாறாக, கோலின் என்ற பொருளின் பங்கு வளர வளரக் குறையும். லாக்டேட் பெரியவர் மூளையில் தெரிந்தால் ஆபத்தின் அறிகுறி. ஆனால் குறைமாதக் குழந்தையின் மூளையில் ஓரளவு இருப்பது இயல்பே! பெரியவர்களின் அளவுகோலை வைத்துச் சின்னக் குழந்தையை அளந்தால் நல்ல மூளையைக்கூடக் கெட்டது என்று சொல்லிவிடுவோம். முதலில் 28 வாரத்துக்கு எது சரி, 32 வாரத்துக்கு எது சரி என்று பொறுமையாகக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது.

குழந்தையை வார்டில் இருந்து ஸ்கேன் அறைக்குக் கொண்டு போவதே பெரிய ஆபத்து. காந்தத்துக்குள்ளேயே வைக்கக்கூடிய இன்குபேட்டரைச் செய்தார்கள். பல இடங்களில் மயக்க மருந்தும் தேவைப்படுவதில்லை. வயிறு நிறையப் பால் கொடுத்து, காதை மூடி, துணியில் இறுகச் சுற்றினால் குழந்தை தானே தூங்கிவிடும். நம் பாட்டிகளுக்குத் தெரிந்த வித்தைதான்!

பிறகு இன்னும் நுட்பமான பொருள்களைத் தேடினார்கள். மூளையின் செய்தித் தூதர்களான காபா, குளுட்டமேட் போன்றவை. 2014இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, குறைமாதத்தில் பிறந்தவர்கள் மாதம் நிறையும் வயதை எட்டிய பிறகும், வலது முன்மூளையில் இந்த இரண்டும் குறைவாக இருப்பதாகச் சொன்னது. தாயின் வயிற்றில் கழிய வேண்டிய வாரங்கள் இன்குபேட்டரில் கழிந்தன. நாள்கணக்கு ஒன்றுதான், ஆனால் ரசாயனக் கணக்கு ஒன்றாக இல்லை.

என்ன மிஞ்சியது?

1963இல் ஒரு ஜனாதிபதியின் பிள்ளைக்கு மூச்சு வாங்கித் தர முடியவில்லை. 1983இல் ஒரு சாதாரணக் குழந்தையின் மூளையில் சிறுவாடு எவ்வளவு மிச்சம் என்று தொடாமலே சொல்ல முடிந்தது. இருபதே வருடங்கள்! ஆனால் அளக்கத் தெரிந்ததும் குணமாக்கத் தெரிந்துவிடவில்லை. அளவில் இருந்து சிகிச்சைக்கு வர இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. அதுவும் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு மட்டும். குறைமாதக் குழந்தைகளும், நம் ஊர்க் குழந்தைகளும் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். இந்த வரலாறு அதற்கு ஒரு சின்னத் திருத்தம் சொல்கிறது. முதல் நாள் முளையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதே, மூன்றாம் நாள்வரை பார். அதைவிட முக்கியம், அந்த மூன்று நாளில் சும்மா இருக்காதே!